சர்வர் அப்கிரேடு: 'ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்று விடுவது ஏன் ஆபத்து?

'இன்று இரவு 11 மணி முதல் அதிகாலை 5 மணி வரை ஷேர்டு டிரைவ் இயங்காது. ஃபைல்களை முன்கூட்டியே சேவ் செய்துகொள்ளவும் - ஐ.டி. டீம்.'

இப்படி ஒரு மெயில் வந்தால் நம் முதல் ரியாக்‌ஷன் என்ன? "நல்லாத்தானே ஓடிட்டு இருக்கு, இப்ப எதுக்கு இதுல கை வைக்கிறாங்க?" நானும் அப்படிப் புலம்பியவள்தான். விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்த பிறகு சொல்கிறேன்: நாம் கவலைப்பட வேண்டியது, அந்த மெயில் பல வருஷமாக வராமலே இருந்தால்தான்.

அந்த சர்வருக்கு என்ன வேலை?

அலுவலக ஃபைல்கள் எல்லாம் டிஸ்குகளில் இருக்கின்றன. எந்த ஃபைல் எந்த டிஸ்கில், யார் திறக்கலாம், பேக்அப் எப்போது எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது ஸ்டோரேஜ் மேனேஜ்மென்ட் சர்வர். டிஸ்குகள் பீரோ என்றால், இந்த சர்வர் சாவிக்கொத்து. அதற்கும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் உண்டு. அதற்கும் வயதாகும்.

விண்டோஸ் சர்வர் 2012-க்கான வழக்கமான சப்போர்ட் 2023 அக்டோபர் 10-ல் முடிந்தது. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30 கடைசி நாள். விண்டோஸ் சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12. தேதி முடிந்ததும் சர்வர் நின்றுவிடாது. அதுதான் சிக்கலே. வழக்கம்போல ஓடும், ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க பாட்ச் வராது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 சாட்சி. விண்டோஸில் இருந்த ஓட்டைக்கு மார்ச் 14-ம் தேதியே மைக்ரோசாஃப்ட் பாட்ச் வெளியிட்டது. மே 12-ல் வான்னாக்ரை ரான்சம்வேர் தாக்கியபோதும் பல இடங்களில் அது போடப்படவில்லை. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் மட்டும் 19,000-க்கும் மேற்பட்ட அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது.

அப்போ உடனே அப்கிரேடு பண்ணிடலாமா?

அவசரப்பட வேண்டாம். அட்மின்களின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டம் மாறும்போது டிஸ்க்குடன் பேசும் டிரைவர், பேக்அப் சாஃப்ட்வேர் எல்லாம் புதிய வெர்ஷனோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று இடறினாலும், டேட்டா டிஸ்கில் பத்திரமாக இருக்கும். சர்வர் கண்ணுக்குத்தான் தெரியாது.

அதைவிட மோசமாகவும் போகலாம். 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில், பழைய லாக் ஃபைல்களை அழிக்கும் பேக்அப் ஸ்கிரிப்ட் ஒன்றை அப்டேட் செய்தார்கள். பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியது அதன் மேல் எழுதப்பட்டது. விளைவு, லாகுக்குப் பதிலாக ஆராய்ச்சி ஃபைல்களே அழிந்தன. சுமார் 77 டெராபைட், 3.4 கோடி ஃபைல்கள். பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் 4 குழுக்களின் டேட்டாவை மீட்கவே முடியாது என்று அறிவிக்கப்பட்டது.

பேக்அப் இருக்குல்ல என்கிறீர்களா? 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவன இன்ஜினீயர் ஒருவர், தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். தினசரி பேக்அப்பைத் தேடினால், அங்கே ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன், பேக்அப் எடுக்கும் டூலோ 9.2. அதனால் பேக்அப் தினமும் ஃபெயில் ஆகியிருக்கிறது. அதைச் சொல்லும் எச்சரிக்கை மெயில்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்து டேட்டா போனது போனதுதான்.

செய்ய வேண்டியது என்ன?

* முதலில் பேக்அப்பை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து, ஃபைல்களைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்காத பேக்அப் வெறும் நம்பிக்கைதான்.

* எந்த வெர்ஷனுக்கு எந்த டிரைவர் என்று ஸ்டோரேஜ் நிறுவனங்கள் பட்டியல் தருகின்றன. அதைச் சரிபார்த்து, டெஸ்ட் சர்வரில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

* 'இத்தனை மணிக்குள் முடியவில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிடுவோம்' என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். அதிகாலை 4 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எடுக்கும் முடிவு சரியாக இருக்காது.

இதற்கெல்லாம் நேரமும் பணமும் வேண்டும். பல நிறுவனங்களில் அட்மின் கேட்பது ஒரு டெஸ்ட் மெஷினும், ஒரு சனிக்கிழமை இரவும்தான். அதைக் கொடுக்காமல் இழுத்தடித்துவிட்டு, ஏதாவது நடந்தால் அவரையே கூண்டில் ஏற்றுவது நியாயமே இல்லை. கிட்லேப் அன்று தன் தவறை மறைக்காமல், மீட்புப் பணியையே யூடியூபில் லைவாகக் காட்டியது. அந்த நேர்மை நம் அலுவலகங்களுக்கும் வேண்டும்.

அடுத்த முறை அந்த மெயில் வந்தால், புலம்புவதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "கடைசியா எப்போ ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தீங்க?" பதில் தேதியோடு வந்தால், நிம்மதியாகத் தூங்கலாம்.