வைத்தவரும் நாமே, வைகிறவரும் நாமே

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 2 வந்தால் போதும், வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். "ஆப்பிரிக்காக்காரன் நன்றி கெட்டவன். அவனுக்காகப் போராடிய மகாத்மாவின் சிலையையே பிடுங்கிப் போட்டுவிட்டான்." கீழே நாலு கோபப் பொம்மை, இரண்டு கும்பிடு. அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் மிச்ச 364 நாளும் அதே காந்தியைத் திட்டி வருகிற செய்திகளையும் அனுப்புகிறவர்கள் என்பது தனிக்கதை.

சரி, நடந்தது என்ன?

கானா நாட்டின் தலைநகர் அக்ரா. அங்கே லெகான் என்ற இடத்தில் கானா பல்கலைக்கழகம் இருக்கிறது. 2016 ஜூனில் நம் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அங்கே போனபோது, இந்தியாவின் அன்பளிப்பாக ஒரு காந்தி சிலையை வளாகத்துக்குள் திறந்து வைத்தார். மூன்றே மாதத்தில், செப்டம்பரில், அங்குள்ள பேராசிரியர்கள் சிலர் சிலையை அகற்றச் சொல்லி மனு போட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அக்டோபரில் கானா அரசு, சிலையை வேறு இடத்துக்கு மாற்றுகிறோம் என்றது. இரண்டு வருஷம் இழுத்தடித்து, கடைசியில் 2018 டிசம்பரில் ஓர் இரவில் எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவுதான் சேதி. யாரும் கடப்பாரையோடு வரவில்லை, யாரும் தலையை உடைக்கவில்லை. எழுத்தில் காரணம் சொல்லி மனுக் கொடுத்து, காத்திருந்து, எடுக்க வைத்தார்கள். காந்தியிடம் பாடம் படித்தவர்கள் மாதிரிதான் நடந்துகொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது!

"அவனுக்காகப் போராடிய" என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். காந்தி 1893 முதல் 1914 வரை இருந்தது தென்னாப்பிரிக்காவில். கானா இருப்பது மேற்கு ஆப்பிரிக்காவில். ஆப்பிரிக்கா என்பது ஓர் ஊரில்லை ஐயா, ஐம்பதுக்கு மேல் நாடுகள் கொண்ட கண்டம். தென்னாப்பிரிக்காவிலும் அவர் போராடியது அங்கே குடியேறிய இந்தியர்களுக்காக. மூன்று பவுண்டு தலைவரிக்கு எதிராக 1913-ல் நடந்த போராட்டத்தில் சிறைக்குப் போனவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். தில்லையாடி வள்ளியம்மை அதில் சிறை சென்று, வந்ததும் உயிரை விட்ட பெண். நமக்கு அவரிடம் நன்றி இருப்பது நியாயம். கானாக்காரனுக்கு எதற்கு?

இனி அந்த மனுவில் என்ன இருந்தது என்று பார்ப்போம். பேராசிரியர்கள் சொந்தமாக எதையும் இட்டுக்கட்டவில்லை. காந்தியின் எழுத்துகளை நம் இந்திய அரசே நூறு தொகுதிகளாக அச்சிட்டு வைத்திருக்கிறதே, அதிலிருந்துதான் பக்கம் பக்கமாக எடுத்துக் காட்டினார்கள். 1890-களில் நேட்டாலில் அவர் எழுதிய மனுக்களிலும் கடிதங்களிலும் திரும்பத் திரும்ப வருகிற குறை ஒன்று உண்டு. இந்தியர்களைக் காப்பிரிகளின் நிலைக்கு இழுத்துத் தள்ளுகிறார்கள் என்பதே அது. (காப்பிரி என்ற சொல் தமிழுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அது எவ்வளவு கேவலமான வசவு என்று தெரியாமலே நாமும் சொல்லியிருக்கிறோம்.) டர்பன் தபால் நிலையத்தில் வெள்ளைக்காரருக்கு ஒரு வாசல், மற்ற எல்லோருக்கும் ஒரு வாசல் என்று இருந்தது. நேட்டால் இந்தியக் காங்கிரஸ் அதை எதிர்த்தது. எதற்கு? வாசல் பிரிக்காதே என்று அல்ல. கறுப்பர்களோடு ஒரே வாசலில் எங்களை விடாதே என்று. கடைசியில் மூன்று வாசல் ஆனது!

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இரட்டைக் குவளை என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டீக்கடையில் இரண்டு குவளை இருக்கிறது. நடுச்சாதிக்காரர் ஒருவர், "குவளையைப் பிரித்தது தப்பு" என்று போராடாமல், "அவர்களோடு எங்களைச் சேர்த்தது தப்பு, எங்களுக்கென்று மூன்றாவதாக ஒரு குவளை வை" என்று மனுப் போட்டு வாங்கியும் விட்டார் என்று வையுங்கள். பின்னாளில் அவர் பெரிய தலைவராகிவிட்டார். அவர் சிலையைக் கொண்டுவந்து, கீழ்க்குவளையில் குடித்தவரின் பேரப்பிள்ளைகள் படிக்கிற கல்லூரி வாசலில் வைத்துவிட்டு, "கும்பிடு" என்றால் கும்பிடுவார்களா? "எடுங்கள்" என்று அந்தப் பிள்ளைகள் சொன்னால் அது நன்றி கெட்டதனமா?

"அப்போது அவருக்குச் சின்ன வயசு, விவரம் தெரியாது" என்று ஒரு வாதம் வரும். 1908-ல் ஜோகன்னஸ்பர்க் சிறை அனுபவத்தைப் பற்றி அவர் எழுதியதிலும் ஆப்பிரிக்கக் கைதிகளைப் பற்றிய அந்த இளக்காரம் இருக்கிறது. அப்போது அவருக்கு 38 வயசு. 38 வயசு அதிகாரி ஒரு கடன் பத்திரத்தில் போட்ட கையெழுத்தை, "பையனுக்கு விவரம் தெரியாது" என்று எந்தத் தணிக்கையாளரும் தள்ளுபடி செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"பின்னால் மாறினாரே?" மாறினார். அதை நான் மறுக்கவே இல்லை. 1906 ஜூலு கலகத்தில் ஆங்கிலேயர் பக்கம் தூக்குப்படுக்கைப் படை கொண்டுபோனவர், அங்கே காயம்பட்ட ஜூலுக்களுக்கு மருந்து கட்டினார். தன் மனம் ஜூலுக்கள் பக்கமே இருந்ததாகச் சுயசரிதையில் எழுதினார். 1936-ல் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் ஹோவர்ட் தர்மன் பார்க்க வந்தபோது, அகிம்சையின் செய்தியை உலகுக்குக் கலப்படமில்லாமல் கொண்டுபோகப் போவது உங்கள் மக்களாகவே இருக்கலாம் என்ற பொருளில் பேசினார். 1893-ல் கப்பலிலிருந்து இறங்கிய பாரிஸ்டருக்கும் இந்த மனிதருக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

ஆனால் இந்த வித்தியாசத்தைச் சொல்லப் புத்தகத்தில் இடமிருக்கிறது, வகுப்பறையில் இடமிருக்கிறது. பீடத்தில் இடமில்லை. சிலை என்பது வரலாறு இல்லை, மரியாதை. முழு மனிதனுக்கு மொத்தமாகப் போடுகிற மாலை. "இந்த இருபது வருஷம் நீங்கலாக" என்று மாலையில் சீட்டு எழுதிக் கட்ட முடியாது.

"மண்டேலாவே ஏற்றுக்கொண்டாரே, உங்கள் நிக்ரூமாவே காந்தியைப் பின்பற்றினாரே?" என்பது அடுத்தது. மண்டேலா, அந்தக் காலத்தையும் சூழ்நிலையையும் வைத்து அந்தத் தப்பெண்ணங்களை மன்னிக்க வேண்டும் என்றே எழுதினார். அதாவது, தப்பெண்ணம் இருந்தது என்பதை அவரும் மறுக்கவில்லை. மன்னித்தது அவர் பெருந்தன்மை. ஆனால் ஒருவர் மன்னித்ததால் ஒரு கண்டமே மன்னித்ததாக ஆகிவிடாது. மன்னிப்புக்குப் பவர் ஆஃப் அட்டர்னி கிடையாது. அவரவர் கையெழுத்தை அவரவர்தான் போட வேண்டும்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். வாடிக்கையாளர் கேட்காமல் கிரெடிட் கார்டு அனுப்பக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்படி அனுப்பி, அவர் சம்மதமில்லாமல் கட்டணமும் போட்டுவிட்டால், வங்கி அதைத் திருப்பித் தருவதோடு இரண்டு மடங்கு அபராதமும் கட்ட வேண்டும். காரணம் எளிமையானது. கேட்காதவன் தலையில் கட்டுவது அன்பளிப்பு இல்லை, விற்பனை. லெகானில் நடந்தது இதுதான். அந்த வளாகத்தில் தங்கள் ஆப்பிரிக்கத் தலைவர்களுக்கே சிலை இல்லையே, முதலில் இவருக்கு ஏன் என்று பேராசிரியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சிலையைத் தருகிற அரசும் வாங்குகிற அரசும் கைகுலுக்கிக்கொண்டன. தினமும் அதைக் கடந்து வகுப்புக்குப் போகிற மாணவனை யார் கேட்டார்கள்?

கானா மட்டுமில்லை. மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரில் இந்தியா ஒரு மாநாட்டு மையம் கட்டித் தருகிற பேச்சும், காந்தி சிலைப் பேச்சும் ஒன்றாகவே வந்தன. அங்கேயும் எதிர்ப்பு, மனு. 2018 அக்டோபர் கடைசியில் நீதிமன்றம் சிலை வேலைக்குத் தடை போட்டது. கட்டடத்தோடு சிலை இலவசம் என்றால் மகாத்மாவை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா? அரை வேட்டி கட்டிய மனிதரை ஒப்பந்தத்தின் இணைப்புப் பட்டியலில் சேர்த்தவர்கள் நாம். வைகிறதோ அவர்களை.

அடுத்து, "சிலையை எடுத்தால் வரலாறு அழிந்துவிடும்" என்கிற அழுகை. இதற்குப் பதில் சொல்ல ஆப்பிரிக்கா போக வேண்டாம், சென்னை போதும். 1857-ல் அலகாபாத்திலும் கான்பூரிலும் வெறியாட்டம் ஆடிய கர்னல் நீல், அதே வருஷம் லக்னோவில் சுடப்பட்டுச் செத்தான். அவனுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். 1927-ல் அதை அகற்றச் சொல்லித் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்து கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். அந்தப் போராட்டத்தை ஆதரித்து எழுதியவர் யார் தெரியுமா? சாட்சாத் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. வன்முறை கூடாது என்பதே அவர் போட்ட நிபந்தனை. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகு சிலை இறங்கியது. இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீல் யார் என்பது அழிந்தா போயிற்று?

நீலையும் காந்தியையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவன் கொலைகாரன், இவர் மகான். நான் ஒப்பிடுவது ஆட்களை அல்ல, உரிமையை. தன் தெருவில் யார் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற உரிமை 1927-ல் சென்னைக்காரனுக்கு இருந்தது என்றால், 2018-ல் அக்ராக்காரனுக்கும் உண்டு. நமக்கு வந்தால் சத்தியாக்கிரகம், அவனுக்கு வந்தால் நன்றி கெட்டதனமா?

சிலை விஷயத்தில் கானாவுக்கு நம்மைவிட அனுபவமும் பக்குவமும் அதிகம் என்றே சொல்வேன். அவர்களுடைய முதல் தலைவர் நிக்ரூமா. விடுதலை வாங்கித் தந்தவர், பின்னாளில் ஒரே கட்சி ஆட்சி கொண்டுவந்தவர். பாதிப்பேருக்குத் தெய்வம், பாதிப்பேருக்குச் சர்வாதிகாரி. 1966-ல் ராணுவம் அவரைக் கவிழ்த்தபோது அவர் சிலையைத் தள்ளி உடைத்தார்கள். இன்று அக்ராவில் அவர் நினைவுப் பூங்காவில் புதுச் சிலையும் இருக்கிறது, அந்தத் தலையில்லாத பழைய சிலையும் இருக்கிறது, உடைந்த தலையும் தனியே ஒரு பீடத்தில் இருக்கிறது. போற்றியதையும் உடைத்ததையும் ஒரே இடத்தில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். வரலாற்றை வைத்திருப்பது என்றால் இதுதான்.

அதனால்தான் லெகான்காரர்களிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. இரவில் எடுத்திருக்க வேண்டாம். பேராசிரியர்கள் பக்க எண்ணோடு பகலில் பேசினார்கள். நிர்வாகமும் பகலில், மாணவர்கள் முன்னால், இன்ன காரணத்துக்காக எடுக்கிறோம் என்று சொல்லி எடுத்திருக்க வேண்டும். காரணம் சொல்லாமல் எடுத்த சிலை, வதந்திக்குத்தான் தீனி. நம் வாட்ஸ்அப் செய்தியே அதற்குச் சாட்சி.

கடைசியாக ஒரு கணக்கு. அந்தச் சிலை திறந்தது 2016 ஜூனில். அதற்கு முந்தின மாதம் டெல்லி வசந்த் குஞ்ச் பகுதியில் ஆட்டோ தகராறில் ஒரு காங்கோ நாட்டு இளைஞரை அடித்தே கொன்றார்கள். இங்குள்ள ஆப்பிரிக்கத் தூதர்கள் கொதித்துப்போய் ஆப்பிரிக்க தின விழாவையே தள்ளிவைக்கச் சொன்னார்கள். அதே வருஷத் தொடக்கத்தில் பெங்களூரில் ஒரு தான்சானிய மாணவியைக் கும்பல் தாக்கியது. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். அடித்தவன் எவனும் வெள்ளைக்காரன் இல்லை. அக்ராவில் கையெழுத்துப் போட்டவர்கள் இதையெல்லாம் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? நூறு வருஷத்துக்கு முந்தின கடிதம் அவர்களுக்கு ஏன் இன்னும் சுடுகிறது என்று கேட்கிறோம். அந்தக் கடிதத்தை நாம் இன்னும் எழுதிக்கொண்டிருப்பதால்தான்.

தலைநகர்ப் பக்கம் வேலை பார்க்கும் என்னைப் போன்ற வங்கிக்காரர்களுக்கு ஆப்பிரிக்க மாணவர்கள் புதிதில்லை. பாஸ்போர்ட், விசா, கல்லூரிக் கடிதம் எல்லாம் கச்சிதமாகக் கொண்டுவருவார்கள். கணக்குத் திறந்து 30 நாளுக்குள் உள்ளூர் முகவரிச் சான்று தர வேண்டும். மற்ற நாட்டுப் பையன்கள் கொண்டுவந்துவிடுவார்கள். இவர்கள் தவணை கேட்டு நிற்பார்கள். வீட்டுக்காரர் வாடகை மட்டும் வாங்குவார், அதுவும் கூடுதலாக. பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டார். "இவனுங்களுக்கு வீடு விட்டேன்னு தெரிஞ்சா அக்கம்பக்கம் சண்டைக்கு வரும் சார்" என்பார். மூன்றாவது வாசல் டர்பனில் மூடிவிட்டது, இங்கே திறந்தே இருக்கிறது.

வெண்கலத்தில் காந்தியைச் செய்து கப்பலேற்ற நமக்குக் காசிருக்கிறது. நம் ஊருக்குப் படிக்க வந்த பிள்ளைக்கு ஒரு வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மனசில்லை. அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு அப்புறம் அவர்களிடம் நன்றியைப் பற்றிப் பேசுவோம்.