ஊசிக்குப் பருப்பா, கால் சதவீத வட்டியா?

வங்கிக்காரனிடம் புதுத் திட்டத்தைக் காட்டினால் கை சும்மா இருக்குமா? 2021 ஏப்ரலில் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா, கோவிட் தடுப்பூசி போட்டவர்களுக்கு 1,111 நாள் டெபாசிட்டில் கால் சதவீதம் கூடுதல் வட்டி என்று அறிவித்தது. கணக்குப் போட்டால், லட்ச ரூபாய்க்கு வருஷம் 250 ரூபாய்!

நல்ல எண்ணம்தான். ஆனால் லட்ச ரூபாய் டெபாசிட் போடுகிறவர் 250 ரூபாய்க்காகவா ஊசி போட்டுக்கொள்வார்? எப்படியும் போட்டிருப்பார். எங்கள் காட்கோபர் மலைச்சரிவுக் குடிசையில் இருக்கும் தினக்கூலிக்காரருக்கோ டெபாசிட்டே கிடையாது. அவருக்கு இலவச ஊசியின் விலை, அன்றைய கூலி. ஜுரம் வந்தால் மறுநாள் கூலியும் போச்சு.

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டது ராஜஸ்தானில். உதய்பூர் கிராமங்களில் சேவா மந்திர் அமைப்போடு அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ (2019-ல் நோபல் வாங்கிய அதே தம்பதிதான்) குழுவினர் செய்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. சும்மா விட்ட கிராமங்களில் எல்லா ஊசியும் முடித்த குழந்தைகள் 6 சதவீதம். மாதம் தவறாமல் முகாம் நடத்திய இடங்களில் 18. முகாமோடு ஊசிக்கு ஒரு கிலோ பருப்பு, எல்லாம் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகள் என்று கொடுத்த இடங்களில் 39! வேடிக்கை என்னவென்றால், பருப்பு கொடுத்தும் ஒரு குழந்தைக்கு ஆன செலவு பாதியாகிவிட்டது. நர்ஸ் சம்பளம் அதேதான், வந்த குழந்தைகள் அதிகம்.

"ஊசிக்குப் பருப்பா? இது லஞ்சம் இல்லையா?" என்பார்கள். ஆபீஸ் வேலையாக வெளியூர் போனால் நாம் பயணப்படி வாங்குவதில்லையா? அதை யாரும் லஞ்சம் என்பதில்லையே! தமிழ்நாட்டின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்திலும் பணத்தவணையைக் குழந்தையின் தடுப்பூசியோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

மும்பையில் நடந்தது வேறு. 2021 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு லோக்கல் ரயிலைத் திறந்தபோது, இரண்டு டோஸும் போட்டு 14 நாள் ஆனவர்களுக்கு மட்டும் என்றார்கள். லோக்கல் இல்லாமல் பிழைப்பே இல்லாத ஊரில் இது ஊக்கம் இல்லை, அபராதம். ஊசிக்குத் தட்டுப்பாடு இருந்த வருஷத்தில் இப்படிச் செய்வது, கிளையைப் பூட்டி வைத்துக்கொண்டு தவணை கட்டவில்லை என்று அபராத வட்டி போடுவது மாதிரி.

என் கட்சி இதுதான்: முதலில் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அப்புறம் போகும் கூலிக்கு ஈடு கொடுங்கள். அதற்கும் வராதவர்களிடம் கண்டிப்பைப் பற்றிப் பேசலாம். நீங்க என்ன சொல்றீங்க?