தப்பொலியும் கண்ணாடி இழையும்

மலைநாட்டுத் தோட்டங்களிலே முன்பெல்லாம் இருள் பிரியுமுன் தப்பு முழங்கும். பிரட்டுக்களத்துக்குப் புறப்பட வேண்டும் என்பது அதன் பொருள் என்று லயத்துச் சிறு பிள்ளையும் அறியும். சாவு வீட்டில் அடிக்கும் அடி வேறு. காமன் கூத்துக்கு அடிக்கும் அடி வேறு. தோல் ஒன்றேயாயினும் அடி மாறினால் செய்தி மாறிவிடும். ஒலியின்மீது செய்தியை ஏற்றும் இந்தக் கலையைத்தான் விஞ்ஞானிகள் ஒளியின்மீது செய்கிறார்கள். அதற்குப் பண்பேற்றம் என்று பெயர்.

மாசு நீக்கிய கண்ணாடியில் ஒளி நெடுந்தூரம் செல்லும் என்று சார்ள்ஸ் காவோ 1966இல் எடுத்துக் காட்டினார். இன்றைய இழையில் 15 கிலோமீட்டர் ஓடிய பின்னும் பாதி ஒளி எஞ்சி நிற்கிறது. ஹற்றன் மூடுபனி அதனை ஒன்றும் செய்வதில்லை!

தொடக்கத்தில் கையாண்ட முறை மிக எளியது. ஒளி இருந்தால் 1, அணைந்தால் 0. 2005இல் கொழும்பை எட்டிய சீ-மீ-வீ 4 என்னும் கடலடி வடத்தில் ஒவ்வொரு நிற ஒளியும் செக்கனுக்கு 1,000 கோடி இலக்கங்களை இவ்வாறே சுமந்தது. இன்னும் விரைவாக மினுக்கினால் என்ன என்று வாசகர் கேட்கலாம். ஒளித்துடிப்பு ஓட ஓடச் சற்றே அகன்றுவிடும். மிக நெருக்கமாக அனுப்பினால், மலையிடுக்கில் எதிரொலியோடு கலந்த தப்போசை போல ஒன்றோடொன்று மயங்கிவிடும்.

ஆகவே அறிஞர்கள் வேறு வழி கண்டனர். ஒளியலையின் அவத்தையை நான்கு நிலைகளில் மாற்றினால் ஓர் அடியில் இரண்டு இலக்கங்கள் ஏறும். அலை அதிரும் தளங்கள் இரண்டையும் தனித்தனியே பயன்படுத்தினால் நான்கு ஏறும். வாங்கும் முனையில் மற்றொரு லேசர் ஒளியோடு கலந்து ஒப்பிட்டு அவத்தையை அறிகிறார்கள். துடிப்பு அகன்ற குறையைக் கணிப்பொறிச் சில்லு கணக்குப் போட்டே நீக்கிவிடுகிறது. 2016 இறுதியில் சேவைக்கு வந்து மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 வடம், நிறமொன்றுக்கு 10,000 கோடி இலக்கங்களைச் சுமக்குமாறு இம்முறையிலேயே அமைந்தது. நான்கு நிலைகளைப் பதினாறாக்கவும் முடியும். ஆனால் நிலைகள் நெருங்க நெருங்க இரைச்சலிலே ஒன்றை மற்றொன்றாகப் பிழைபட வாசிக்க நேரும். செல்லும் தூரமும் குறுகும்.

இதில் மலைநாட்டுக்குப் பெரும் நன்மை ஒன்று உண்டு. மண்சரியும் பாதையை மறுபடி தோண்ட வேண்டியதில்லை. புதைத்த இழை கிடந்தபடியே கிடக்க, இரு முனைகளிலுமுள்ள கருவிகளை மாற்றினால் போதும்.

இருந்தும், 2020இலும் 2021இலும் பாடசாலைகள் மூடப்பட்டபோது நம் மாணவர்கள் அலைபேசிச் சமிக்ஞை தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறினார்கள். வீடுகளுக்கு வரும் ஒளியிழை இணைப்புக்கு அந்த நுட்பமெல்லாம் தேவையே இல்லை. பழைய மினுக்கல் முறையிலேயே ஓரிழையை 32 வீடுகளுக்குப் பங்கிடலாம். ஒரு லயம் முழுவதற்கும் அது தாராளம். தடை வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாதையிலிருந்து லயம் வரை இழை தோட்ட நிலத்தினூடே வர வேண்டும். அந்நிலமோ 1992 முதல் கம்பனிகளின் பொறுப்பில் உள்ளது. குடியிருப்போரிற் பலருக்குக் காணியுறுதியும் இல்லை, தனி முகவரியும் இல்லை. தபாலே தோட்ட அலுவலகத்தின் வழியாகத்தான் வருகிறது. இணைப்புக்கான விண்ணப்பப் படிவத்திலோ முகவரி கேட்கிறார்கள்.