தூங்காத கையில கத்தியைக் கொடுத்தது யாரு?

காலுல போட்ட கட்டைக் கொஞ்சம் தளர்த்திவிடச் சொல்லுன்னு எங்க வீட்டுக்காரர் ராத்திரி முழுக்கக் கத்தினார். ஓடி ஓடிப் போய் நர்ஸம்மாகிட்ட சொன்னேன். டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காரு, வருவாருன்னாங்க. காலு எரியுதுன்னார். அப்புறம் மரத்துப்போச்சுன்னார். விரலைத் தொட்டா ஜில்லுன்னு இருந்துச்சு. டாக்டர் வந்து கட்டைப் பிரிக்கும்போது விடிஞ்சுடுச்சு. ரத்த ஓட்டம் நின்னுபோச்சு, முட்டிக்கு மேல எடுக்கணும்னுட்டாங்க.

படகைக் கரையேத்தும்போது அடிபட்ட காலு. நடந்து வீடு திரும்ப வேண்டிய மனுஷன்யா அவரு!

அந்தப் பயிற்சி டாக்டருக்கு என் தம்பி வயசுதான். முந்தாநாள் காலையில டூட்டிக்கு வந்தவர் வீட்டுக்கே போகல. சுவத்துல சாஞ்சு நின்னபடியே தூங்கினதைப் பார்த்தேன். அவர் மேல எனக்குக் கோபம் இருக்கு, அது ஆறாது. ஆனா அவரைத் தூங்கவிடாம நிக்கவெச்சவங்க யாரு? பயிற்சி டாக்டருக்கு ஒரே மூச்சா 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலைன்னு மத்திய அரசு 1992-லயே எழுதிவெச்சிருக்காமே. யாருக்காகய்யா எழுதினீங்க?

2022 நவம்பர்ல கொளத்தூர் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில முட்டி ஜவ்வுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 17 வயசுக் கால்பந்துக்காரப் பொண்ணுக்கும் இறுக்கிக் கட்டின கட்டுதான் எமனாச்சு. காலை எடுத்தும் உயிர் தங்கல. கவனக்குறைவுதான்னு அமைச்சரே சொன்னார். ரெண்டு டாக்டரை சஸ்பெண்ட் பண்ணாங்க. அந்தப் புள்ள செத்ததுக்கு அப்புறமும் ராத்திரியில ஒரு கட்டைப் பிரிச்சுப் பார்க்க வார்டுல ஆள் இல்லையே, அது எப்படி?

பொன்னேரியில வக்கீலைப் பார்த்தோம். எல்லாருக்கும் இலவசமா வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி மேல நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது, 1995-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, சிவில் கோர்ட்லதான் அலையணும்னார். இலவசமா? வலைக்கும் சோப்புக்கும் நாங்க கட்டுற வரி எங்க போகுது? காசில்லாதவன் காலுன்னா கணக்கு இல்லையா?

எங்க ஊரு கோட்டைக்குப்பத்துல ஏரித்தொழில் பாடு முறையில நடக்குது. யார் எந்த நாள்ல எந்த எடத்துல வலை வைக்கணும்னு முறை இருக்கு. எங்க முறை வரும்போது இடுப்பளவு தண்ணியில எறங்கிக் கழி ஊன்ற இவருக்குக் காலில்ல. செயற்கைக் கால் தர்றோம்னு கூப்பிடுறாங்க. ஏரிச் சேத்துல அது நிக்குமா?

ஒண்ணு கேக்குறேன். அந்த வார்டு வாசல்ல எத்தனை டாக்டர் வேலை காலியா கெடக்குதுன்னு எழுதிப் போடுங்க. இன்னிக்கு அறுக்கப்போற டாக்டர் கடைசியா எப்போ தூங்கினார்னும் எழுதுங்க. எங்க ஆளை உள்ள தள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி நாங்க அதைப் படிக்கணும்.