‘ஊரில எவடம்?’ என்று கேட்காத தளம்

போன வருசம் யாழ்ப்பாணத்தில் வாடகை வீடு ஒன்று தேடித் திரிந்தோம், நானும் என்னோடு வேலை செய்கிற நண்பனும். காணி, வீட்டு விளம்பரங்கள் வருகிற தளம் ஒன்றில் தோதான ஒரு வீடு கண்ணில் பட்டது. இரண்டு அறை, வீட்டோடு சேர்ந்த குளியலறை, கிணறும் உண்டு. வாடகை எங்கட கைக்கு எட்டுகிற அளவு. படங்களும் வடிவாக எடுத்துப் போட்டிருந்தார்கள். உடனே போன் அடித்தேன்.

“ஓம் தம்பி, வீடு இன்னும் குடுக்கேல்ல. எங்க வேலை?”

சொன்னேன்.

“நல்லது. சொந்த ஊர் எது?”

சொன்னேன்.

“ஊரில எவடம்?”

அதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “நேற்று ஒராள் அட்வான்ஸ் தாறன் எண்டு சொன்னவர். அவரைக் கேட்டிட்டு எடுக்கிறன், என்ன?”

எடுக்கவில்லை. அந்த விளம்பரம் பிறகும் இரண்டு மாதம் அதே தளத்தில் கிடந்தது.

சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதியைக் கேட்கிற கேள்விதான் “ஊரில எவடம்?”. இது உங்களில் பலருக்கு நடந்திருக்கும். அந்த வீட்டுக்காரரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த வீட்டை எனக்குக் காட்டிய தளத்தைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன். ஏனென்றால், அந்த முழுக் கதையிலும் என்னிடம் ‘எவடம்’ என்று கேட்காதது அது ஒன்றுதான்.

வெளிநாட்டுக் கம்பனிகள் இப்படியான தளங்களைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போவது புதுக்கதை இல்லை. 2013இல் பேர்லினில் இருக்கிற ரொக்கெட் இன்டர்நெட் ‘லமுடி’ என்ற வீடு தேடும் தளத்தைத் தொடங்கியது. ஆசியா, ஆபிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று கிடுகிடுவெனப் பரப்பினார்கள். இலங்கையிலும் கடை விரித்தார்கள். 2016இல் அதன் ஆபிரிக்கத் தளங்கள் ‘ஜூமியா ஹவுஸ்’ என்று பெயர் மாறின. 2020இல் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மெக்சிக்கோவில் இருந்த லமுடியை எமேர்ஜிங் மார்கெட்ஸ் புரொப்பர்ட்டி குரூப் வாங்கிக்கொண்டது. ஏழு வருசத்துக்குள் வருகை, விரிவு, விற்பனை எல்லாம் முடிந்தது.

இந்தத் தொழிலின் கணக்கு லேசானது. விளம்பரம் கூட இருக்கிற இடத்துக்குத்தான் வாங்குகிறவர் போவார். வாங்குகிறவர் கூடுகிற இடத்தில்தான் விற்கிறவர் விளம்பரம் போடுவார். ஆகவே ஒரு நாட்டில் முதலில் கூட்டம் சேர்க்கிறவருக்கே சந்தை. தொடக்கத்தில் எல்லாம் இலவசம். கூட்டம் சேர்ந்த பிறகு விளம்பரத்தை மேலே தூக்கிவிடக் காசு, தரகர்மாருக்குச் சந்தா. ஒருக்கா எழுதின மென்பொருளை அடுத்த நாட்டுக்குக் கொண்டுபோகப் பெரிய செலவில்லை. மொழியை மாற்று, நாணயத்தை மாற்று, வரைபடத்தை மாற்று, முடிந்தது.

பெயரையும் மாற்றுவார்கள். சுவீடனைச் சேர்ந்த சால்ட்சைட் கம்பனி வங்காளதேசத்தில் ‘பிக்ரோய்’, இலங்கையில் ‘இக்மன்’, கானாவில் ‘டொனாட்டன்’ என்று தளங்களைத் தொடங்கியது. பிக்ரோய் என்றால் வங்காளத்தில் விற்பனை. இக்மன் என்றால் சிங்களத்தில் கெதி. உள்ளூர்ச் சொல்லைப் பெயராக எடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் பெயர் வைக்க ஒரு நாள் போதும். காணியை விளங்கிக்கொள்ள அது போதாது.

எங்கட பக்கத்தையே எடுங்கோ. யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்பில்தான் கதைப்போம். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். வயலுக்குப் பரப்பு வேற கணக்கு. நான் தேடிப் பார்த்த தளங்களில் பேர்ச், ஏக்கர் என்ற பெட்டிகள்தான் இருந்தன. இது சின்ன விசயம் என்று நினைக்கலாம். பாகிஸ்தானில் 2006இல் தொடங்கிய ‘ஸமீன்’ தளத்தில் மர்லா, கனால் என்ற அந்த நாட்டு அளவைகளிலேயே தேடலாம். மர்லாவும் இடத்துக்கிடம் மாறும். லாகூரில் பெரும்பாலும் 225 சதுர அடி, வேறு இடங்களில் 272 சதுர அடி. அந்தச் சிக்கலையே சமாளிக்க முடியுமென்றால் பரப்பு ஒன்றும் பெரிய வில்லங்கம் இல்லை. லமுடியை வாங்கினதும் இதே ஸமீனின் தாய்க் கம்பனிதான். அதாவது உள்ளூர்க் கணக்கைப் படிக்க இந்தத் தொழிலுக்குத் தெரியும். படிக்கச் சொல்லிக் கேட்க ஆள் வேண்டும்.

அளவை விடுங்கோ, சட்டத்துக்கு வருவோம். தேசவழமைக்கு உட்பட்ட காணி ஒன்றை நினைத்தபடி யாருக்கும் விற்க முடியாது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி, கூட்டுச் சொந்தக்காரருக்கும், விற்கிறவர் இறந்தால் யார் உரித்தாளிகளோ அவர்களுக்கும் அந்தக் காணியை முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை இருக்கிறது. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் வெளியாளுக்கு விற்றால் வழக்கு வரலாம். மணமான பெண் தன்ர பெயரில் உள்ள காணியை விற்கக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்று 1911இன் சட்டம் சொல்கிறது. அது நியாயமில்லை என்பது என்ர கருத்து. அந்தச் சண்டையை இன்னொரு நாள் பிடிப்போம். ஆனால் சட்டம் இருக்கிறது. ‘விற்பனைக்கு’ என்று பச்சை எழுத்தில் போடுகிற தளத்தில் இதற்கு ஒரு பெட்டியும் இல்லை.

பிறகு யுத்தம். பத்து வருசம் தடையில்லாமல் ஒரு காணியில் இருந்தால் ஆட்சியுரிமை கேட்கலாம் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். இடம்பெயர்ந்து போனவரின் காணியில் இன்னொருவர் இருபது வருசம் இருந்திருந்தால்? அதற்காகத்தான் 2016இல் தனிச் சட்டம் கொண்டுவந்து, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைச் சில நிபந்தனைகளோடு அந்தக் கணக்கில் இருந்து கழித்தார்கள். வளவுக்குள் வேலி எங்கே இருந்தது, கிணறு எத்தனை பேரின் பங்கு, ஒழுங்கை பொதுவா தனியாரதா என்பதெல்லாம் உறுதியிலும் தோம்பிலும் அயலட்டையின் ஞாபகத்திலும் இருக்கிறது. படத்தில் வராது. ‘மூன்று அறை, இரண்டு குளியலறை, தெளிவான உறுதி’ என்று விற்கிறவரே எழுதிப் போடுவதை யாரும் சரிபார்ப்பதும் இல்லை.

விலையும் அப்படித்தான். தளத்தில் இருப்பது கேட்கிற விலை. விற்ற விலை உறுதியில் இருக்கும், அதுவும் சில வேளை குறைத்து எழுதப்பட்டிருக்கும். கனடாவில் இருந்து ஒருவர் ‘இந்த விலைக்குப் போகும்’ என்று நினைத்து ஒரு தொகையைப் போடுவார். அது மாதக் கணக்கில் விற்காமல் கிடக்கும். ஆனால் அடுத்த வளவுக்காரர் அதைப் பார்த்துத் தன்ர காணிக்கும் அதே விலையைச் சொல்லுவார். ஊரில் மாதச் சம்பளம் எடுக்கிற ஒரு பிள்ளைக்கு அந்த எண் ஒரு மதில் மாதிரி. இன்னொன்று, 2014ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இங்கே சாதாரணமாகக் காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை வேண்டும். அதுவும் தளத்துக்குத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே ‘தொடர்புகொள்ள’ பொத்தான்தான்.

சொந்த நாட்டிலேயே இவர்கள் பிழைவிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ‘ஸில்லோ’ வீட்டு விலையைக் கணினியால் மதிப்பிடுவதில் பேர் போனது. அந்த மதிப்பீட்டின் துணையோடு தானே வீடுகளை வாங்கி விற்க இறங்கியது. விலை போகிற போக்கைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று சொல்லி 2021 நவம்பரில் அந்த வியாபாரத்தை மூடியது. ஊழியர்களில் கால்வாசிப் பேரைக் குறைக்கப்போவதாகவும் அறிவித்தது. விற்பனைப் பதிவுகள் ஒழுங்காகக் கிடைக்கிற நாட்டிலேயே இந்தக் கதி.

இதுவரை வாசித்தவர், ‘அப்ப பழையபடி தரகரிட்டயே போவம்’ என்று சொல்லக்கூடும். எங்கட அப்பாமார் அதைத்தான் சொல்லுகிறார்கள். தரகருக்கு எல்லாம் தெரியும். எந்த உறுதியில் வில்லங்கம், எந்தக் கிணறு சித்திரையில் வத்தும், எந்தக் குடும்பத்துக்குள் பங்குச் சண்டை, அத்தனையும் விரல் நுனியில்.

ஆனால் அதே தரகருக்கு நான் ஊரில் எவடம் என்பதும் தெரியும். தெரிந்தபடியால் சில வீடுகளை எனக்குக் காட்டவே மாட்டார். ‘அது உங்களுக்குச் சரிவராது தம்பி’ என்பார். அப்படி ஒரு வீடு இருந்தது என்பதே எனக்குத் தெரிய வராது. எங்கட ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாத தளம் அந்த வீட்டைக் காட்டியது, விலையைக் காட்டியது. கதவு போனில்தான் மூடினது. மூடினது எனக்குத் தெரிந்தது. அந்த வித்தியாசம் பெரிசு. கண்ணுக்குத் தெரிந்த கதவைப் பற்றித்தான் கேள்வி கேட்க முடியும்.

ஆகவே என்ர நிலைப்பாடு இதுதான். இந்தத் தளங்கள் வரட்டும். வந்து எங்கட அளவையைப் படிக்கட்டும், எங்கட சட்டத்தைப் படிக்கட்டும். எங்கட சாதிக் கேள்வியை மட்டும் படிக்க விடக்கூடாது.

அது படிக்காது என்று நம்பி இருக்க முடியாது. விளம்பரத்தின் கீழே ‘விபரம்’ என்று ஒரு வெற்றுப் பெட்டி இருக்கிறது. ‘சைவக் குடும்பங்களுக்கு மட்டும்’, ‘நல்ல குடும்பம் விரும்பத்தக்கது’ என்று அதில் எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் அது ஒரு அர்த்தம், கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ அனெக்ஸ் தேடும்போது வேறு அர்த்தம். நாளைக்கு ஒரு கம்பனி ‘உள்ளூர்த் தேவைக்கேற்ப’ என்று சொல்லி இதைத் தெரிவுப் பட்டியலாகவே போட்டுவிட்டால்?

அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுச் சட்டம், இனம், மதம் பார்த்து விருப்பம் தெரிவிக்கிற வீட்டு விளம்பரத்தைத் தடை செய்தது. ‘ரூம்மேட்ஸ்’ என்ற தளம் அறைத் தோழர் தேடுகிறவர்களிடம் பாலினம், பாலீர்ப்பு போன்றவற்றைக் கட்டாயமாகத் தெரிவு செய்யச் சொன்னது. 2008இல் ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்தத் தெரிவுப் பட்டியலைச் செய்தது தளமே என்பதால் பாவனையாளர் மேல் பழியைப் போட்டுத் தப்ப முடியாது என்றது. வெற்றுப் பெட்டியில் மற்றவர் எழுதியதற்குத் தளம் பொறுப்பில்லை என்றும் சொன்னது. 2012இல், ஒரே வீட்டுக்குள் சேர்ந்து வாழ ஆள் தேடுவதற்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று தளம் வென்றது. ஆனாலும் 2008இன் பாடம் எங்களுக்கு உதவும்: எந்தப் பெட்டியை வைப்பது என்பது தளம் எடுக்கிற முடிவு. அதற்குத் தளத்தைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே கேட்கச் சட்டம் பெரிதாகத் துணைக்கு வராது. எங்கட அரசியலமைப்பின் 12(3) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் பார்த்துத் தடுக்கக்கூடாத இடங்களைச் சொல்கிறது: கடை, பொது உணவகம், ஹோட்டல், பொதுக் களியாட்ட இடம், தன் மதத்தவரின் பொது வழிபாட்டு இடம். வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை.

சட்டம் மாறும்வரை நாங்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. தமிழில் தேட வழி, பரப்பில் தேட வழி, ‘தேசவழமைக் காணியா, கூட்டுச் சொந்தக்காரருக்கு அறிவித்தாச்சா’ என்று ஒரு பெட்டி, இவற்றை எழுதிக் கேட்கலாம். பாகுபாடான விளம்பரத்தை முறையிட ஒரு பொத்தான் கேட்கலாம். இருக்கிற இடத்தில் அதை அமத்தலாம். வாங்குகிறவர் என்றால் விளம்பரத்தை நம்பி முற்பணம் கொடுக்காமல், முதலில் தோம்பு எடுத்து, நொத்தாரிசு ஒருவரிடம் காட்டிப் பாருங்கோ. எல்லாத்துக்கும் மேலே, எங்கட வீட்டில் ஒரு அறை வாடகைக்குப் போகும்போது போனில் கதைக்கிறது அம்மாவோ மாமாவோ என்றால், பக்கத்தில் இருந்து அந்த ஒரு கேள்வியை நிப்பாட்டுங்கோ. அந்த வேலையை எந்தக் கம்பனியும் எங்களுக்காகச் செய்யாது.

கடைசியில் எங்களுக்கு வீடு கிடைத்தது. எந்தத் தளத்திலும் இல்லை. என்ர மாமி ஒருவர், தனக்குத் தெரிந்த வீட்டுக்காரரிடம் சொல்லி எடுத்துத் தந்தா. அவர் என்னிடம் ‘எவடம்’ என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, மாமியை அவருக்குத் தெரியும். நல்ல வீடு, நல்ல கிணறு, வாடகையும் குறைவு. ஆனால் அப்படித் தெரிந்த மாமி இல்லாத ஒருவர் இப்ப இந்த ஊரில் எங்கேயோ போனை வைத்துக்கொண்டு வீடு தேடிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு இடைக்கிடை வரும்.