ஹைட்ரஜன் ரயிலுக்குள் பிளாட்டினம்: அந்த இடத்தை இரும்பு பிடிக்குமா?

பெரம்பூர் ஐசிஎஃப்-பில் தயாரான ஹைட்ரஜன் ரயில் பெட்டி 2025 ஜூலையில் சோதிக்கப்பட்டது. இந்த ரயிலில் புகை வராது, நீராவிதான் வரும். ஆனால், ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் எரிபொருள் செல்களுக்குப் பொதுவாக பிளாட்டினம் தேவை. தி.நகர் நகைக்கடைகளில் விற்கும் அதே பிளாட்டினம்தான். விலை எகிற இதுவும் ஒரு காரணம்.

எரிபொருள் செல் ஆய்வு சென்னைக்குப் புதிதல்ல. ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து அடையாற்றைத் தாண்டி தரமணி போனால், ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் ஏஆர்சிஐ-யின் எரிபொருள் செல் மையம் இருக்கிறது.

பிரச்சினை என்ன?

செல்லுக்குள் பிளாட்டினம் கார்பன் தூள்மேல் நுண்துகள்களாக ஒட்டியிருக்கும். வேலை நடப்பது துகளின் மேற்பரப்பில் மட்டுமே. 3 நானோமீட்டர் துகளில் பாதிக்கும் மேற்பட்ட அணுக்கள் உள்ளே சும்மா கிடக்கின்றன. காசு என்னவோ எல்லா அணுவுக்கும்தான்!

அப்படின்னா, அணுக்களைத் தனித்தனியாக உட்கார வைத்தால்? அதுதான் 'ஒற்றை அணு வினையூக்கி'. 2011-ல் சீன விஞ்ஞானி தாவோ ஜாங் குழுவினர் இரும்பு ஆக்சைடுமேல் பிளாட்டினத்தை இப்படி நிறுத்திக் காட்டினர்.

ஆனால் எரிபொருள் செல்லில் ஒரு சிக்கல். தனி பிளாட்டினம் அணு ஆக்சிஜனை முழுசாக நீராக்காமல், பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு நிறுத்திவிடுகிறது. அதனால் கவனம் மலிவான இரும்பு அணுக்கள் பக்கம் திரும்பியது.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

சூடாக்கினால் உலோக அணுக்கள் நகர்ந்து கட்டியாகச் சேர்ந்துவிடும். அவற்றைப் பிடித்து வைக்க நைட்ரஜன் வேண்டும். துத்தநாக உப்பு, நைட்ரஜன் உள்ள மெத்தில் இமிடசோல், மிகக் கொஞ்சம் இரும்பு உப்பு ஆகியவற்றை மெத்தனாலில் கலந்தால் படிகம் உருவாகும். அதை ஆர்கான் வாயுவில் 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குவார்கள். 907 டிகிரியில் கொதிக்கும் துத்தநாகம் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது நுண்துளைக் கார்பன். அதில் ஒவ்வொரு இரும்பு அணுவையும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் பிடித்திருக்கும். இரும்பு கொஞ்சம் கூடினாலும் கட்டி தட்டிவிடும். பிறகு அதை அமிலத்தில் கழுவி நீக்க வேண்டும்.

எப்போது ரயிலுக்கு வரும்?

ஆய்வகத்தில் தொடக்க வேகம் நன்றாகவே இருக்கிறது. அடி வாங்குவது ஆயுளில்தான். செல்லுக்குள் இருக்கும் அமிலச் சூழலில் இரும்பு கரைந்து வெளியேறும், பெராக்சைடு கார்பனை அரிக்கும். ரயிலுக்கோ பல ஆயிரம் மணி நேர உழைப்பு வேண்டும்.

மத்திய அரசு 2023-ல் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ரூ.19,744 கோடி ஒதுக்கியது. ஹைட்ரஜன் மலிவானால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தும் செல்லும் மலிவாக வேண்டும். எனவே, 'இனி பிளாட்டினம் தேவையில்லை' என்று செய்தி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்த செல் எத்தனை மணி நேரம் ஓடியது?