குப்பையும் கலையும்

கழிவுப் பொருளிற் கலை செய்வது இன்று ஒரு நாகரிகமாகிவிட்டது. பாடசாலைகளிலே அதற்குப் போட்டி, கண்காட்சி, பரிசு. மாணவரின் கைத்திறனை நாம் பழிக்கவில்லை. ஆனால், போட்டிக்கு முதல்நாள் நடப்பதை ஆசிரிய அன்பர்கள் அறிவார்கள். வெட்டி ஒட்டப் போத்தல் வேண்டுமென்பதற்காகவே கடையிற் சோடா வாங்கப்படுகிறது. விலைகொடுத்து வாங்கிய பொருள் 'கழிவு' என்ற பெயரில் மேடையேறுகிறது!

சாய்ந்தமருதுக் கரையில் வாழ்வோருக்கு இந்தப் பாடம் புதிதா? கடலுக்கு உதவாத வலை வேலிக்குப் போகிறது; கிழிந்த சாரன் ஏணையாகி, பின்னர் துடைதுணியாகிறது. இதை எவரும் கலை என்று போற்றியதில்லை. வறுமை என்றே இகழ்ந்தார்கள். வசதி படைத்தவர் செய்தால் மட்டும் அது சிருஷ்டியாகிவிடுமோ?

குப்பையிலிருந்து உயர்ந்த கலை பிறக்காது என்பதல்ல நம் வாதம். சண்டிகார் நகரை எழுப்புவதற்காகக் கிராமங்கள் இடிக்கப்பட்டபோது, நெக் சந்த் என்ற வீதிப் பரிசோதகர் அவற்றின் இடிபாடுகளையும் உடைந்த வளையல், பீங்கான்களையும் பொறுக்கி, அரசாங்கக் காட்டுநிலத்தில் இரகசியமாக ஒரு சிற்ப உலகையே அமைத்தார். 1976 இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அவர் பொறுக்கியது பரிசுக்காக அல்ல.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. மின்சாரமில்லாத குடிசைகளிலே வெற்றுப் போத்தலில் திரியிட்டு எரித்த குப்பிவிளக்குச் சரிந்து விழுந்து, குழந்தைகளும் பெண்களும் வெந்து மாண்டார்கள். தீக்காயத்துக்கு மருந்திட்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதிற் சரியாத பாத்திரம் ஒன்றைத் தேடினார். கட்டையும் கனமுமாயிருந்த வெற்று மார்மைட் போத்தல் அவர் கண்ணிற் பட்டது. அதிலிருந்து உருவாகியதே தட்டையான இரு பக்கங்களும் திருகுமூடியும் கொண்ட பாதுகாப்பு விளக்கு. விழுந்தாலும் உருளாது, எண்ணெய் சிந்தாது. 1998 இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. வடிவமைப்பு என்று நாம் மதிப்பது இதனையே. அழகுக்கான கேள்வி அங்கே உயிருக்கான கேள்வியிலிருந்து எழுந்தது.

இனி நம் மாவட்டத்தைப் பார்ப்போம். பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று, எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியிற் செய்தி வந்தது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து, அதன் அடிவாரத்து ஏழைகளைப் புதைத்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் மெல்லிய பொலித்தீனுக்குத் தடை பிறந்தது. உயிர்கள் போன பின்னரே சட்டத்துக்கு விழிப்பு! நூறு போத்தலிற் பூச்சாடி செய்தவரைப் பாராட்டும் மேடை, இலட்சக்கணக்கிற் போத்தலை வார்த்து இலாபம் காண்பவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. மாறாக, பரிசளிப்புச் செலவை அவரிடமே கேட்டு நிற்கிறது. குப்பைக்குக் காரணம் மாணவனின் அசட்டையே என்றொரு பிரசங்கமும் இலவசமாகக் கிடைக்கிறது.

அடுத்த போட்டிக்கு நடுவர் தேடும் ஆசிரிய நண்பர்கள், விடியுமுன் நம் தெருக்களிற் குப்பை அள்ளும் தொழிலாளர் ஒருவரையும் அந்த ஆசனத்தில் அமர்த்தட்டும். எந்தப் பொருள் எவ்வளவு வருகிறது, எந்தக் கடையிலிருந்து வருகிறது, எது கையை வெட்டுகிறது என்பதை அவர் மாணவருக்குச் சொல்வார். பூச்சாடிகளுக்குப் புள்ளியிடுவதை அதன் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.